சில்கா ஏரி

சில்கா ஏரி (சிலிக்கா ஏரி எனவும் எழுதப்படும்) இந்தியாவின் கிழக்குக் கரையில், ஒடிசா மாநிலத்தில் அமைந்துள்ள உவர்நீர்க் காயல் ஆகும். இந்தியாவிலுள்ள கடற்கரைக் காயல்களில் இதுவே மிகப் பெரியது. பூரி, குர்தா, கஞ்சம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்துள்ளது. ஏரி என அழைக்கப்பட்டாலும் இது கடலிலிருந்து முற்றாகப் பிரிந்த நீர்நிலை அன்று. குறுகிய வாய் ஒன்றின் வழியாக வங்காள விரிகுடாவுடன் தொடர்பு கொண்டுள்ளது. இத்தகைய நீர்நிலைகள் தமிழகத்திலும் கேரளத்திலும் காயல் என்றும், இலங்கைத் தமிழில் களப்பு, கடனீரேரி என்றும் வழங்கப்படுகின்றன.

சில்காவின் ஆழம், உப்புத்தன்மை, மீன்வளம், பறவைகள், கரையோர மக்களின் வாழ்வு ஆகிய அனைத்தும் அந்த வாயின் நிலையைச் சார்ந்தே அமைகின்றன.

அமைவிடமும் பரப்பும்

இக்காயல் ஏறத்தாழ வட அகலக்கோடு 19°28′ முதல் 19°54′ வரையிலும், கிழக்கு நெடுங்கோடு 85°05′ முதல் 85°38′ வரையிலும் அமைந்துள்ளது. தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு, பேரிக்காய் போன்ற வடிவில் காணப்படுகிறது. இதன் நீளம் ஏறத்தாழ 64 கி.மீ.; பெரும அகலம் ஏறத்தாழ 20 கி.மீ. பரப்பளவு பருவத்திற்கேற்ப மாறுகிறது. கோடையில் ஏறத்தாழ 906 சதுர கி.மீ. ஆகச் சுருங்கி, மழைக்காலத்தில் ஏறத்தாழ 1,165 சதுர கி.மீ. வரை விரிகிறது.

மேற்கிலும் தெற்கிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகள் எல்லையாக அமைகின்றன. கிழக்கே நீண்ட மணல்திட்டு ஒன்று காயலைக் கடலிலிருந்து பிரிக்கிறது. வடக்கே மகாநதிக் கழிமுகத்தின் தாழ்நிலம் உள்ளது. சென்னை - ஹவுரா தொடர்வண்டிப் பாதையும் தேசிய நெடுஞ்சாலை 16-உம் மேற்குக் கரையை ஒட்டிச் செல்கின்றன. பாலுகாவ், ரம்பா, பர்குல், சதபாடா ஆகியவை கரையோரத்தில் உள்ள முக்கிய ஊர்கள்.

தோற்றம்

சில்கா இருக்கும் இடம் முற்காலத்தில் திறந்த விரிகுடாவாக இருந்தது. இறுதிப் பனியுகத்திற்குப் பின் கடல்மட்டம் உயர்ந்து, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலைபெற்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரைக்குச் சாய்வாக மோதுவதால், மணல் கரையோரமாக வடகிழக்கு நோக்கி நகர்கிறது. இம்மணல் விரிகுடாவின் வாயிலில் படிந்து, சிறிது சிறிதாக நீண்ட திட்டாக வளர்ந்து, விரிகுடாவைக் காயலாக மாற்றியது. அதே செயல்பாடு இன்றும் தொடர்கிறது. வாயின் தென்புறத்தில் மணல் சேரச் சேர, வாய் வடகிழக்காக நகர்ந்து செல்கிறது.

நிலவியல் பிரிவுகள்

சில்கா வழக்கமாக நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது.

வடபகுதி: மகாநதியின் கிளையாறுகளான தயா, பார்கவி, நூனா முதலியன இங்கு வந்து கலக்கின்றன. இவை கொணரும் வண்டலால் இப்பகுதி மிகவும் ஆழமற்றது. மழைக்காலத்தில் இங்குள்ள நீர் ஏறத்தாழ நன்னீராகிறது.

நடுப்பகுதி: பரந்த திறந்த நீர்ப்பரப்பு. நளபானா தீவு இங்கு உள்ளது.

தென்பகுதி: பாறைக் குன்றுகளையும் தீவுகளையும் கொண்டது, ஒப்பளவில் ஆழமானது. பாலூர் கால்வாய் இப்பகுதியை ருசிகுல்யா ஆற்றின் கழிமுகத்துடன் இணைக்கிறது.

வெளிக்கால்: மணல்திட்டுக்கு இணையாகச் சென்று காயலைக் கடலுடன் சேர்க்கும் குறுகிய நீர்வழி. இங்கு உப்புத்தன்மை கோடையில் கடல்நீரை நெருங்குகிறது.

நீரியல்

இக்காயலுக்கு மூன்று வழிகளில் நீர் வருகிறது. வடக்கே மகாநதியின் கிளையாறுகள், மேற்கே குன்றுகளிலிருந்து இறங்கும் சிற்றோடைகள், கிழக்கே கடலின் ஏற்றம் ஆகியன அவை. சூன் முதல் அக்டோபர் வரை ஆற்றுநீர் மேலோங்கி, உப்புநீரை வெளியே தள்ளுகிறது. மழை ஓய்ந்தபின் ஏற்றத்துடன் கடல்நீர் மெல்ல உட்புகுந்து, கோடையில் உப்புத்தன்மை மிகுகிறது. ஒரே ஆண்டிற்குள் நன்னீர், உவர்நீர், கடல்நீர் ஆகிய மூன்றும் மாறி மாறி நிலவுவதே இங்குள்ள உயிர்வளத்திற்கு அடிப்படை. ஆற்றுநீரின் வரத்து மேற்புறத்திலுள்ள அணைகளையும், 2004இல் இயங்கத் தொடங்கிய நராஜ் தடுப்பணையையும் பொறுத்து அமைகிறது.

தீவுகள்

நளபானா தீவு 15.53 சதுர கி.மீ. பரப்புடையது. மழைக்காலத்தில் நீரில் மூழ்கி, குளிர்காலத்தில் நீர் வடியும்போது சேற்றுநிலமாக வெளிப்படுகிறது. வலசைப் பறவைகள் வரும் காலமும் அதுவே. 1987இல் இது பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. காளிஜாய் தீவில் அதே பெயருடைய அம்மன் கோயில் உள்ளது. மகர சங்கராந்தியின்போது பெருந்திரளான மக்கள் படகுகளில் வருகின்றனர். பர்குடா தீவில் கண்டறியப்பட்ட கால்களற்ற அரணை இனம் ஒன்றை, விலங்கியலாளர் நெல்சன் அன்னண்டேல் 1917இல் அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். பாரிகுட் முதலிய கிழக்குத் தீவுகளில் மக்கள் வசிக்கின்றனர்.

உயிரினங்கள்

குளிர்காலத்தில் மத்திய ஆசியா, சைபீரியா முதலிய இடங்களிலிருந்து பறவைகள் வருகின்றன. ஊசிவால் வாத்து, பட்டைத்தலை வாத்து, கருவால் மூக்கன், பூநாரை ஆகியன குறிப்பிடத்தக்கவை. அண்மைக் காலக் கணக்கெடுப்புகள் சிலவற்றில் பறவைகளின் எண்ணிக்கை 10 இலட்சத்தைத் தாண்டியது. வடகரையிலுள்ள மங்களஜோடி ஊரில் முன்பு பறவை வேட்டையில் ஈடுபட்டோர் பலர், பின்னர் பறவைகளின் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறியுள்ளனர்.

ஐராவதி ஓங்கில் எனும் அரிய பாலூட்டி இங்கு ஏறத்தாழ 150 என்ற எண்ணிக்கையில் வாழ்கிறது. மடவை, கொடுவா, இறால், சேற்று நண்டு ஆகியன முக்கியமான மீன்வளம். இறாலும் மடவையும் கடலில் முட்டையிடுபவை. அவற்றின் குஞ்சுகள் வாய் வழியாக உட்புகுந்து காயலில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. எனவே வாய் அடைபட்டால் மீன்வளம் உடனடியாகக் குன்றுகிறது.

வாய் அடைபட்டதும் புதிய வாயும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிக்கால் நீண்டு, வண்டல் படிந்து, கடலுடனான தொடர்பு நலிந்தது. உப்புத்தன்மை குறைந்ததால் ஆகாயத்தாமரை, நாணல் முதலிய நன்னீர்க் களைகள் பரவின. 1981இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சில்கா, 1993இல் சீரழிவுக்குள்ளான ஈரநிலங்களுக்கான மாண்ட்ரூ பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 1980களின் நடுவில் ஆண்டுக்கு 8,000 டன்னைத் தாண்டிய மீன்பிடிப்பு, 1990களின் இறுதியில் ஏறத்தாழ 1,700 டன்னாக வீழ்ந்தது.

1991இல் ஒடிசா அரசு சில்கா வளர்ச்சி ஆணையத்தை நிறுவியது. நீரியல் மாதிரி ஆய்வுகளின் அடிப்படையில், 2000 செப்டம்பர் 23 அன்று சிபாகுடா அருகே மணல்திட்டை வெட்டிப் புதிய வாய் திறக்கப்பட்டது. இதனால் கடலுக்குச் செல்லும் நீர்வழி ஏறத்தாழ 18 கி.மீ. குறைந்தது. உப்புத்தன்மை உயர்ந்து களைகள் பின்வாங்கின, கடற்புற்கள் பரவின. 2001-02இல் மீன்பிடிப்பு ஏறத்தாழ 12,000 டன்னாக உயர்ந்தது. 2002இல் சில்கா மாண்ட்ரூ பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டில் ராம்சர் ஈரநிலப் பாதுகாப்பு விருதும் ஆணையத்திற்குக் கிடைத்தது.

மக்களும் மீன்பிடி உரிமையும்

காயலின் வளத்தை நம்பி ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். வலை வீசும் ஆழ்நீர்ப் பகுதிகள் பஹானி என்றும், மூங்கில் தட்டிகளால் அடைத்து மீன்பிடிக்கும் ஆழமற்ற பகுதிகள் ஜானோ என்றும், இறால் பொறிகள் வைக்கும் இடங்கள் தியான் என்றும் அழைக்கப்படுகின்றன. இவை மரபாக மீனவச் சமூகங்களிடையே பகிர்ந்துகொள்ளப்பட்டு வந்தன.

1980களில் இறாலின் ஏற்றுமதி மதிப்பு உயர்ந்தபோது, வெளியார் காயலின் பகுதிகளை வலைகளாலும் மண் கரைகளாலும் அடைத்து இறால் வளர்க்கத் தொடங்கினர். கேரி எனப்படும் இவ்வடைப்புகள் மீனவர்களின் நீர்ப்பரப்பைக் குறுக்கியதுடன், நீரோட்டத்தையும் தடுத்தன. 1996இல் உச்ச நீதிமன்றம் சில்காவில் இறால் பண்ணைத் தொழிலுக்குத் தடை விதித்தது. எனினும் அடைப்புகள் நீடித்தன. 1999 மே மாதத்தில் மீனவர்கள் தாமே அவற்றை அகற்றியதைத் தொடர்ந்து, சோரானா கிராமத்தில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். பின்னரும் அரசு பலமுறை அடைப்புகளை அகற்ற நேர்ந்தது.

வாயின் அண்மைக்கால மாற்றங்கள்

2000இல் திறக்கப்பட்ட வாயும் இயற்கையின் விதிக்கு உட்பட்டு வடகிழக்காக நகர்ந்தது. 2008இல் காபாகுண்டா அருகே கடல் தானாகவே மணல்திட்டை உடைத்து மற்றொரு வாயைத் திறந்தது. 2019 மே மாதத்தில் பூரி அருகே கரையைக் கடந்த ஃபானி புயலின்போதும் மணல்திட்டில் புதிய உடைப்புகள் ஏற்பட்டன. வாய் குறுகினால் காயல் நன்னீராகிக் களை மண்டும். அளவுக்கு மீறித் திறந்தால் உப்பு மிகுந்து வடபகுதியின் நன்னீர் மீன்களும் நாணற்காடுகளும் பாதிக்கப்படும். ஆகவே ஒரு முறை வெட்டிவிடுவதோடு இப்பணி முடிவதில்லை. வாயின் நிலை, வண்டல் படிவு, உப்புத்தன்மை ஆகியவற்றைத் தொடர்ந்து அளந்து, தேவைக்கேற்பத் தூர்வாருவது சில்காவின் பாதுகாப்பில் நிலையான பணியாக உள்ளது.