வனம் காணச் செல்வோர்க்கு எந்நூல் துணை?

பூமியில் சுற்றிவந்து, இறைவனின் படைப்பையும் முன்சென்ற சமூகத்தாரின் முடிவையும் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் ஏவுகிறது. அவ்வேவலைத் தலைமேற்கொண்ட நம் முன்னோர், தாம் நடந்த வழிகளைப் பின்வருவோர்க்காக எழுதியும் வைத்தனர். வழிநூல் எழுதும் கலை இஸ்லாமிய உலகில் ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளிலேயே செழித்தோங்கியது. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு வனம் காணப் புறப்படும் திண்டுக்கல்வாசிக்கு அக்கலையின் வரலாறு எவ்வாறு பயன்படும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

திண்டுக்கல் சமவெளியில் வாழ்வோர்க்கு மலையும் வனமும் தொலைவில் இல்லை. பேகம்பூரிலிருந்து புறப்படும் குடும்பம் வத்தலக்குண்டு வழியே கோடைக்கானல் ஏறலாம். தேனி, கம்பம் கடந்து குமுளியை அடைந்தால், 1982-ல் தேசியப் பூங்காவான பெரியாற்று வனம் எதிர்நிற்கும். மூணாறை அடுத்த இரவிகுளம் 1978-லும், பழனி மலைகளுக்கு அப்பால் கேரள எல்லையிலுள்ள பாம்பாடும் சோலை 2003-லும் தேசியப் பூங்காக்கள் ஆயின. இவற்றைப் பற்றிய வழிகாட்டி நூல்கள் கடைகளில் வண்ண அட்டைகளோடு வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் எதை நம்பி வாங்குவது?

அப்பாஸியர் ஆட்சியில் தபால் துறைப் பொறுப்பு வகித்த இப்னு குர்தாத்பிஹ், ஊருக்கு ஊர் தொலைவைக் கணக்கிட்டுப் 'பாதைகளும் நாடுகளும்' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு நூல் இயற்றினார். அரசாங்கத் தூதர்க்கு அது பெரிதும் பயன்பட்டது. ஆயினும் பைத்துல் முகத்தஸில் பிறந்த அல்முகத்தஸீ அந்நூலை மிகச் சுருங்கியதென்று குறை கூறினார். ஹிஜ்ரி 375-ல், அதாவது கி.பி. 985-ல், அன்னார் தமது நூலை எழுதியபோது அதன் செய்திகளை மூவகையாகப் பிரித்துரைத்தார். தாமே கண்டவை ஒன்று. நம்பகமானவர்களிடம் கேட்டவை மற்றொன்று. நூல்களில் படித்தவை மூன்றாவது. ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. சொல்லப்பட்ட செய்தியை ஏற்குமுன் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று ஸனதை ஆராய்வது நம் மதரஸாக்களின் முதற்பாடம். அல்முகத்தஸீ அவ்வொழுங்கை நில நூலுக்கும் கொண்டுவந்தார் எனலாம்.

காலத்தைக் குறிப்பதில் வழிகாட்டியாக நின்றவர் அந்தலூஸிய அறிஞர் இப்னு ஜுபைர். 1183-ல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு 1185-ல் திரும்பிய அவர், பயணத்தை நாட்குறிப்புப் போலத் தேதியிட்டு எழுதினார். இன்ன மாதம் கண்டது இதுவென்று அறிந்தால், படிப்பவன் தன் காலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள முடிகிறது.

நம் தமிழகத்துக்கே வந்தவர் இப்னு பதூதா. மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை முறையானவர். சுல்தானின் படையோடு சென்ற அவர், மரங்களும் நாணலும் அடர்ந்து புக முடியாதிருந்த காட்டைப் பெரியோர் சிறியோர் அனைவரும் கோடரி ஏந்தி வெட்டி வழியமைத்ததை விவரிக்கிறார். மதுரையில் பரவிய கொள்ளைநோயையும், தம்மைப் பீடித்த காய்ச்சலையும் மறைக்காமல் சொல்கிறார். கண்டவர் உரைத்ததாதலின் அப்பகுதி அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் 1355-ல் அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதிய இப்னு ஜுஸய், திமிஷ்கு முதலிய இடங்களின் வருணனையில் இப்னு ஜுபைரின் சொற்களை எடுத்து இணைத்துவிட்டார். முந்தைய நூலைப் பார்த்து எழுதும் பழக்கம் அன்றே இருந்தது. இன்றைய வழிகாட்டி நூல்களிலும் ஒன்றின் பிழை மற்றொன்றில் அப்படியே தொடர்வதைக் காணலாம்.

ஆங்கிலேயர் காலத்தில் லண்டன் ஜான் மர்ரே நிறுவனம், ஈஸ்ட்விக் எழுதிய சென்னை மாகாண வழிகாட்டியை 1859-ல் வெளியிட்டது. 1906-ல் வெளிவந்த பிரான்சிஸின் மதுரை மாவட்ட கெசட்டியரில் திண்டுக்கல் கோட்டை, பழனி மலை பற்றிய செய்திகள் மிகுதி. வரலாறு அறிய அவை நன்று. ஆயினும் வனத்தின் இன்றைய சட்டத்தையும் பாதையையும் அவற்றில் தேடுவது வீண்.

வனத்துக்குச் செல்பவன் நூலைத் திறந்ததும் முதலில் பதிப்பாண்டைப் பார்க்க வேண்டும். உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே மாதம் கோடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்தது. அதற்கு முன் அச்சான நூல் அதனைச் சொல்லாது. அடுத்து, பருவத்தைச் சொல்கிறதா என்று நோக்க வேண்டும். வரையாடுகள் குட்டி ஈனும் காலமாதலின், இரவிகுளம் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி மூடப்படுவது வழக்கம். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே மலை நிறையப் பூக்கும். 2018-ல் பூத்தது, இனி 2030-ல் எதிர்பார்க்கப்படுகிறது. அட்டையில் குறிஞ்சிப் படத்தை அச்சிட்டு, ஆண்டைச் சொல்லாத நூல் ஏழைக் குடும்பத்தின் பயணச் செலவை வீணாக்கும்.

செலவு வீணானாலும் தாங்கலாம். உயிர் போனால் மீளாது. 2018 மார்ச் 11 அன்று, போடிக்கு அருகே குரங்கணி மலையில் நடைபயணம் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோடையின் தொடக்கத்தில் புல் காய்ந்து கிடக்கும் மலை அது. ஆகவே செல்லும் வழியைச் சொல்வதோடு, செல்லக்கூடாத மாதத்தையும், வனத்துறை அனுமதி இன்றி மிதிக்கக்கூடாத பாதையையும் சொல்லும் நூலே நம்பத்தக்கது. அழகை மட்டும் பாடி அபாயத்தை மறைப்பது அமானத்துக்குத் துரோகமாகும்.

இவ்விலக்கணத்துக்குப் பொருந்திய ஒருவர் நம் சமுதாயத்திலேயே தோன்றினார். 1896-ல் பம்பாயில் பிறந்த பறவையியல் அறிஞர் சாலிம் அலி, 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் காடுகளில் அலைந்து பறவைகளைக் கணக்கெடுத்தவர். 1941-ல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் நூல் பல பதிப்புகள் கண்டும் வழக்கொழியவில்லை. கண்ணால் கண்டு எழுதியதே அதற்குக் காரணம். வழியையும் விதியையும் கூறும் புதிய பதிப்பு ஒன்று, உயிரினங்களை அறிய இத்தகைய நூல் ஒன்று என இரண்டு இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும்.

தொழுகைக்கு இடம், ஹலாலான உணவு, பெண்கள் ஒளூச் செய்ய வசதி ஆகியவற்றைப் பெரும்பாலான நூல்கள் கூறுவதில்லை. அவற்றை அண்மையில் சென்று வந்தவரிடம் கேட்டறிய வேண்டும். அதுவே அல்முகத்தஸீ சொன்ன இரண்டாம் வகை அறிவு. நாமும் திரும்பி வந்ததும், கண்டதைத் தேதியிட்டு ஓர் ஏட்டில் எழுதி, கேட்டதைத் தனியே குறித்து, அண்டை வீட்டார்க்குக் கொடுப்போமாக. அடுத்து மலையேறும் குடும்பம் நல்வழி பெறும். எழுதியவர்க்கும் அதில் நன்மை உண்டு, இன்ஷா அல்லாஹ்.