பழைய டீசல் எஸ்யூவி: வாங்குமுன் செய்யும் சோதனை

இந்தியப் பழைய வண்டிச் சந்தையில் மலிவு எஸ்யூவி என்று தேடினால் அதிகம் கண்ணில் படுபவை டீசல் வண்டிகளே. 1998-இல் வந்த டாடா சஃபாரி, 2000-இல் வந்த மஹிந்திரா பொலேரோ, 2002-இல் வந்த ஸ்கார்பியோ, சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகி 2012-இல் விற்பனைக்கு வந்த ரெனோ டஸ்டர் ஆகியவை இவற்றுள் அடங்கும். சிறிய காரின் விலைக்கே பெரிய வண்டி கிடைக்கிறது. ஆனால் வண்டியின் விலை இறங்கினாலும் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. டர்போவும் இன்ஜெக்டர்களும் அடுத்தடுத்துக் கைவிட்டால், மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் பணிமனைக்குப் போய்விடும். பல வண்டிகள் விற்பனைக்கு வருவதே பழைய உரிமையாளர் தள்ளிப்போட்ட ஏதோ ஒரு பெரிய வேலையால்தான். அது எந்த வேலை என்று கண்டுபிடிப்பதே சோதனையின் நோக்கம்.

விலை குறைவு மட்டுமே பழுதுக்குச் சான்றாகாது. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. அதனால் நன்றாகப் பராமரிக்கப்பட்ட வண்டிகளும் அங்கிருந்து மலிவாகப் பிற மாநிலங்களுக்கு வந்தன.

சோதனையைக் குளிர்ந்த என்ஜினில்தான் தொடங்க வேண்டும். “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டைத் திறந்து தொட்டுப் பார்ப்பது நல்லது. சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதே உத்தமம். கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரும் சோர்ந்த இன்ஜெக்டரும் என்ஜின் சூடேறியபின் ஒழுங்காக நடந்துகொள்ளும். ஸ்டார்ட் செய்யும்முன் கூலன்ட் தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அதில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் பிசுக்கு இருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்புண்டு.

ஸ்டார்ட் ஆனதும் புகையைக் கவனிக்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கருகருவென்று வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு முதல் இன்ஜெக்டர் கோளாறு வரை எதுவாகவும் இருக்கலாம். சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் கூலன்ட் எரிகிறதா என்று சந்தேகிக்க வேண்டும்.

காசே செலவாகாத, ஆனால் மிகவும் பயனுள்ள சோதனை ஆயில் மூடிச் சோதனை. என்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அந்த வாயின்மேலேயே தளர்வாக வைக்க வேண்டும். லேசாக நடுங்கினால் கவலையில்லை. புகை குபுகுபுவென்று வந்து மூடி துள்ளி விழுந்தால், தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கீழே இறங்குகிறது. மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பது இதைத்தான். என்ஜினைப் பிரிக்காமல் இது சரியாகாது. விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் இந்த வண்டி வேண்டாம்.

டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் என்ஜினில் டைமிங் பெல்ட் உண்டு. ஓடும்போது அது அறுந்தால் வால்வுகளில் பிஸ்டன் மோதி என்ஜினே பாழாகும். பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

ஸ்கார்பியோ, பொலேரோ, பழைய சஃபாரி ஆகியவற்றில் பாடி தனி, சேஸிஸ் தனி. பாடியில் பட்டி பூசிப் பெயின்ட் அடித்து எதையும் மறைத்துவிடலாம். சேஸிஸில் மறைப்பது கடினம். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சேஸிஸின் நீளம் முழுக்கப் பார்த்து, புதிய வெல்டிங், வளைவு, சுத்தியலால் தட்டினால் உதிரும் துரு ஆகியவற்றைத் தேட வேண்டும். அடிப்பாகம் முழுவதும் புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் அதுவே கேள்விக்குரியது. ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் அதை மண் தரையில் போட்டுச் சோதிக்க வேண்டும். பகுதிநேர வகையைத் தார்ச் சாலையில் போட்டுத் திருப்பினால் கியர் இறுகிக்கொள்ளும்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் பலவும் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் நீர்க்கறை தெரியும். சீட்டின் தண்டவாளத் துருவும், கார்ப்பெட்டுக்கு அடியில் படிந்த வண்டலும் மற்ற அடையாளங்கள்.

கிளட்சைப் பார்க்க, முன்னால் ஆளில்லாத இடத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் மெல்லக் கால் எடுக்க வேண்டும். என்ஜின் அணைந்துவிட்டால் நல்லது. அணையாமல் உறுமினால் பிளேட் தேய்ந்துவிட்டது. ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் மட்டும் பார்த்து நம்பக்கூடாது; டயரின் வயதோடும் பெடலின் தேய்மானத்தோடும் ஒப்பிட வேண்டும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். முப்பதாயிரம் கிலோமீட்டரே ஓடியதாகச் சொல்லும் வண்டியில் பெடல் ரப்பர் வழுக்கையாக இருந்தால் கணக்கு இடிக்கிறது.

கடைசியாக ஸ்கேனர் செருகிப் பார்க்கலாம். பிழை எதுவும் காட்டாவிட்டாலும், கணினியின் தற்சோதனைகள் முடியவில்லை என்று வந்தால், பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம், அல்லது பிழைப் பதிவுகள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம். சில நாள் ஓடியபின் மறுபடி ஸ்கேன் செய்ய விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.