காலடிப்பேட்டையும் குடிவரலாற்று ஆராய்ச்சியும்

குடிவரலாறு என்பது பெருங்குடிப் பிறந்தார்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. வேந்தர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. வள்ளல்களுக்குப் பாட்டுடைத் தலைமை உண்டு. திருமடங்களுக்குக் குருபரம்பரை உண்டு. தறியில் அமர்ந்து வாழ்ந்தவனுக்கும் படகு வலித்து வாழ்ந்தவனுக்கும் அத்தகைய எழுத்து இல்லை. ஆதலின் அவன் முன்னோரை அறிதல் இயலாது என்று பலர் அமைந்துவிடுகின்றனர். இம்முடிபு பொருந்துமா என்பதை ஓர் ஊரை எடுத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வூர் சென்னையின் வடபால் திருவொற்றியூரை அடுத்துள்ள காலடிப்பேட்டை.

ஊரும் பெயரும்

காலடிப்பேட்டை என்னும் பெயரைக் கேட்பார் யாரோ ஒருவர் திருவடி பதிந்த இடம் என்றே கருதுவர். உண்மை வேறு. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலட். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊர்கள் 1708-இல் கிழக்கிந்தியக் கும்பினிக்கு வழங்கப்பெற்றுப் பின்னர்க் கைநழுவின. மொகலாயப் பேரரசர் பருக்சியரின் ஆணையைக் கொண்டு அவ்வூர்களைக் காலட் 1717-இல் மீண்டும் கைக்கொண்டார். கும்பினியின் வாணிகம் துணியை நம்பியது. ஆகவே நெசவாளரையும் துணியில் வண்ணம் தீட்டுவோரையும் திருவொற்றியூர்ப் பக்கத்தில் குடியமர்த்தினார். அக்குடியிருப்பு அவர் பெயரால் காலட் பேட்டை எனப்பட்டது.

காலட் பேட்டை காலடிப்பேட்டை ஆனது எங்ஙனம்? டகர ஒற்றில் சொல் முடிதல் தமிழுக்கு இயல்பன்று. பிறமொழிச் சொல் அவ்வாறு முடியுமாயின் ஈற்றில் உகரம் சேர்ந்து ‘காலட்டு’ என நிற்பதே பெருவழக்கு. ஈண்டு இகரம் சேர்ந்தமைக்குக் காரணம், ‘காலடி’ என்னும் தமிழ்ச்சொல் மக்கள் நாவில் முன்னரே ஆயத்தமாக இருந்தமையே எனலாம். சொல் தமிழாகிவிட்டமையால் புணர்ச்சியில் பகரமும் மிகுந்தது. இராயபுரம் என்னும் பெயரும் இத்தகையதே. இராயப்பர் என்பது தமிழ்க் கிறித்தவர் புனித பேதுருவை வழங்கும் பெயர் என்பதை அறியாதார், அங்கு யாதேனும் ஓர் அரச மரபைத் தேடுவர்.

ஊர்ப்பெயர் ஒன்று முந்நூறு ஆண்டுகளுக்குள் தன் பிறப்பை மறைத்துக்கொள்ளுமாயின், எழுத்தில் ஏறாத குடிகளின் பிறப்பு எவ்வளவு மறைந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். 2021-இல் திறக்கப்பெற்ற மெட்ரோ இரயில் வழித்தடத்தில் ஒரு நிலையம் காலடிப்பேட்டை என்றே பெயர் பூண்டுள்ளது. நாள்தோறும் அப்பெயரைக் கேட்போருள் காலட்டை நினைப்பார் மிகச் சிலர். அவர் அழைத்து வந்த நெசவாளரை நினைப்பார் அவரினும் சிலர்.

எழுத்துடைய குடி

காலட்டின் குடிவரலாறு நமக்குத் தெளிவாகக் கிடைக்கின்றது. அவர் எழுதிய கடிதங்களின் படிகள் அழியாமல் நின்று, 1933-இல் டாட்வெல்லைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக வெளிவந்தன. சென்னை ஆவணக் களரியின் காப்பாளராக விளங்கியவரும், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பில் பிற்பகுதிகளைப் பதிப்பித்தவரும் இவரே. அக்குடியிற் பிறந்த கிளாரா காலட் (1860–1948), இலண்டன் மக்களின் வாழ்நிலையைக் குறித்துச் சார்லசு பூத் நடத்திய பெரும் ஆய்வில் பெண்டிர் தொழில் பற்றிய பகுதிக்கு உழைத்தவர். தம் முன்னோர் வரலாற்றையும் ஆராய்ந்தவர். அப்பெயர் தாங்கிய பிற ஆராய்ச்சியாளரோடு கலந்து குடிவழியைத் தொகுத்தார். அவர்தம் அத்தையாகிய சோபியா தாப்சன் காலட், இராசா ராம்மோகன் ராய் வரலாற்றை எழுதியவர். 1716-இல் சீனக் கலைஞர் அமாய் சின்குவா மண்ணால் வனைந்த ஜோசப் காலட்டின் சிற்றுருவம் இன்றும் இலண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் உள்ளது. எனவே அவர் உடுத்த உடையும் முகத்தோற்றமும் கூட நாம் அறிய வல்லவை.

கோட்டைக்குள் வாழ்ந்த ஆங்கிலேயர்க்குத் திருக்கோயிற் பதிவேடுகளும் துணைநின்றன. புனித மேரி கோயில் 1680 அக்டோபரில் திறக்கப்பெற்றது. அடுத்த திங்களிலேயே எலிகு யேலின் திருமணம் அதன் பதிவேட்டில் ஏறியது. கல்லறை எழுத்துகளை 1905-இல் சூலியன் சேம்சு காட்டன் தொகுத்து நூலாக்கினார். இவ்வாறு பிறப்பு, திருமணம், இறப்பு என்னும் மூன்றும் எழுத்தில் நிற்பவர்க்குக் குடிவழி காண்டல் எளிது.

தமிழருள்ளும் எழுத்துடையார்க்கு இந்நிலை வாய்த்தது. 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து புதுச்சேரி சென்ற ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார். அதனால் அவர் தந்தையும் தாய்மாமனும் உறவினரும் வரலாற்றில் நிலைபெற்றனர். ஆயின் அதே தலைமுறையில் பெரம்பூருக்குச் சில கல் வடகிழக்கே தறி நெய்தவர்க்கு அங்ஙனம் நாட்குறிப்பு இல்லை.

எழுத்தில்லாக் குடிக்குச் சான்றுகள்

கும்பினியின் ஆலோசனைக் குறிப்புகள் சுங்குராமன் போன்ற தலைமை வணிகரைப் பெயர் சுட்டிக் கூறும். நெசவாளரைப் பெரும்பாலும் தொகையாகவே கூறும். அவ்வேடுகள் துணிக்காக எழுதப்பட்டனவேயன்றி நெய்தவனுக்காக எழுதப்பட்டன அல்ல. ஆதலின் அவற்றில் ஒருவன் பெயரைத் தேடி, அது காணாமையால் ஆய்வைக் கைவிடுதல் முறையன்று. பிறிதொரு நோக்கத்துக்காக எழுந்த ஆவணத்தில் குடிவழியைத் தேடும் முறையே இங்குப் பயன்படுவது. அதற்குச் சான்றுகள் மூன்று வகை.

முதலாவது, நிலப் பத்திரம். 1864-இல் பதிவுச் சட்டம் பிறந்தபின் விற்பனை, அடைமானம், பாகப்பிரிவினை முதலியன பதிவகங்களில் படியெடுத்துக் காக்கப்பட்டன. பழைய பத்திரம் ஒருவனை வெறும் பெயரால் சுட்டுவதில்லை; இன்னார் பேரனும் இன்னார் குமாரனும் ஆகிய இன்னார் எனச் சுட்டுவது அதன் வழக்கு. தொழிலும் குலமும் இருக்கும் தெருவும் உடன் வரும். நான்கெல்லை கூறுமிடத்தில் அண்டை வீட்டார் பெயரும் வரும். ஆகவே ஒரு பத்திரம் மூன்று தலைமுறையையும் ஒரு தெருவின் ஒரு பகுதியையும் ஒருங்கே தருகின்றது. வீட்டுப் பெட்டியில் உறங்கும் தாய்ப்பத்திரம் இவ்வகையில் ஒரு கல்வெட்டுக்கு ஒப்பாகும்.

இதன் ஆற்றலைக் கணக்கிட்டுக் காட்டலாம். 1866-இல் நாற்பது அகவையினன் ஒருவன் பத்திரம் எழுதுவதாகக் கொள்வோம். அவன் பிறப்பு 1826. தலைமுறை ஒன்றுக்கு இருபத்தேழு ஆண்டு எனக் கொண்டால், அப்பத்திரம் கூறும் பாட்டன் ஏறத்தாழ 1772-இல் பிறந்தவன். 1720-ஐ ஒட்டிப் பேட்டையில் குடியேறியவன் அப்போது முப்பது அகவையினன் எனின், அவன் மகன் 1717-ஐ ஒட்டியும் பேரன் 1744-ஐ ஒட்டியும் பிறந்திருப்பர். 1772-இல் பிறந்தவன் அவனுக்குக் கொள்ளுப்பேரன் ஆதல் கூடும். முந்நூறு ஆண்டு இருள் என நாம் அஞ்சுவது, ஒரு நல்ல பத்திரம் கிடைத்தவிடத்துக் குடியேறியவனும் அவனுக்குப் பின் இரு தலைமுறையும் என்னும் அளவுக்குச் சுருங்குகின்றது.

இரண்டாவது, பெயரிடும் மரபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் என மருவியது. உறவுப்பெயரே பெயரிடும் வழக்கத்தைக் காட்டி நிற்பது தமிழின் சிறப்பு. ஒரு குடியில் இரு பெயர்கள் மாறிமாறி வருமாயின், விடுபட்ட தலைமுறையின் பெயரை ஓரளவு உய்த்துணரலாம். ஆயினும் இதிலேயே இடரும் உண்டு. ஒரே பெயருடைய பாட்டனையும் பேரனையும் ஒருவராக மயங்கின் ஐம்பது ஆண்டுகள் காணாமற் போகும். எனவே ஆண்டும் மனைவி பெயரும் வீட்டெல்லையும் ஒத்துவந்தாலன்றி இருவரை ஒருவர் எனக் கொள்ளலாகாது.

மூன்றாவது, குலதெய்வம். நெசவாளர் எங்குக் குடிபெயர்ந்தாலும் முதல் முடியிறக்கலும் காதணி விழாவும் மூதாதையர் ஊரிலுள்ள தெய்வத்தின் முன்னரே செய்தல் மரபு. ஊரை மறந்த குடியும் தெய்வத்தை மறப்பதில்லை. ஒரே தெய்வத்தை வணங்குவோர் பங்காளிகள். அவர்க்குள் மணவுறவு இல்லை. ஆகவே பெண் கொடுக்கவும் கொள்ளவும் ஒவ்வொரு குடும்பமும் பிற குடும்பத்தின் வழியை அறிந்திருத்தல் வேண்டும். இவ்வறிவு ஏட்டில் இல்லை. முதிய பெண்டிர் நினைவில் உள்ளது. எந்த ஊரிலிருந்து எந்த வீட்டுக்கு யார் வாழ்க்கைப்பட்டு வந்தார் என்பதை அவர் கூறுமளவு பத்திரம் கூறாது. ஏனெனில் பத்திரம் நிலத்தோடு செல்கின்றது. நிலமோ பெரும்பாலும் ஆண்வழியே சென்றது.

அண்டை ஊரோடு ஒப்பிடுவதும் பயன் தரும். இராயபுரத்தில் படகுத் தொழிலாளர் எழுப்பிய புனித இராயப்பர் கோயில் 1829-ஐ ஒட்டியது. திருமுழுக்குப் பெற்ற குழந்தையின் பெயரோடு பெற்றோர் பெயரையும் ஞானப் பெற்றோர் பெயரையும் எழுதுதல் அத்தகைய கோயில்களின் வழக்கு. கடற்றொழிலாளர் சிலர்க்கு வாய்த்த இவ்வெழுத்து, பெருமாளை வழிபட்ட நெசவாளர்க்கு வாய்க்கவில்லை. இது சமயத்தின் ஏற்றத்தாழ்வு அன்று. பதிவு செய்யும் முறையின் வேறுபாடு என்க.

செவிவழிச் செய்தியை அளத்தல்

காலடிப்பேட்டையில் கல்யாண வரதராசப் பெருமாள் கோயில் உள்ளது. காலட்டிடம் பணிபுரிந்த வீரராகவன் என்பார் நாள்தோறும் காஞ்சி வரதராசரை வழிபட்டு வந்தமையால் பணிக்குக் காலந்தாழ்த்தார் எனவும், அவர் பத்தியின் மெய்ம்மையைச் சோதித்தறிந்த ஆளுநர் இங்கேயே கோயில் எழுப்பினார் எனவும் தலவரலாறு வழங்குகின்றது. நாள்தோறும் காஞ்சிக்குச் சென்று மீளல் அக்காலத்தில் அரிது என்று கூறி இதனை ஒதுக்கிவிடுவார் உளர். அங்ஙனம் ஒதுக்குதலும் முழுதும் கொள்ளுதலும் ஒருங்கே குற்றமுடையன. புதுக்குடியிருப்பில் நெசவாளரை நிலைநிறுத்தக் கோயில் வேண்டும் என்பது உண்மை. கும்பினிக்கும் குடிகட்கும் இடையே தமிழறிந்த பணியாளர் நின்றனர் என்பதும் உண்மை. காஞ்சிப் பெருமாளிடம் பற்றுடையோர் இங்கு வாழ்ந்தனர் என்பதும் கொள்ளத்தக்கது. கதை இவற்றைப் போற்றி வைத்துள்ளது. நாளும் நிகழ்ச்சியும் மட்டுமே ஆவணத்தை நோக்கி நிற்பன.

குலப்புராணங்கட்கும் இவ்வளவுகோல் பொருந்தும். தெய்வத்திடமிருந்தோ வீரரிடமிருந்தோ தொடங்கும் மரபுரை ஒரு குலத்தின் தன்மதிப்பைக் காட்டும். ஒரு வீட்டின் தலைமுறையைக் காட்டாது. அதனை வீட்டு வரலாற்றின் முதற் படியாக வைத்தால் இடையிலுள்ள பாட்டன்மார் அனைவரும் மறைவர். இன்றிருப்பவரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படிப்படியாகச் செல்லுதலே முறை. சான்று நின்ற இடத்தில் நாமும் நிற்றல் வேண்டும்.

உடன் ஆராய்வோர்

குடிவரலாறு தனியொருவர் முயற்சியால் நிறைவுறாது. அரித்துவாரத்தில் பண்டாக்கள் யாத்திரிகர் குடிவழியை ஏடுகளில் எழுதி வழிவழியாகக் காக்கின்றனர். இந்தியாவில் வாழ்ந்த பிரித்தானியர் குடும்பங்களை ஆராய்வோர் 1998-இல் ஒரு சங்கம் அமைத்து, பதிவேடுகளைத் தம்முள் பகிர்ந்து படியெடுத்துப் பெயரடைவு செய்து வருகின்றனர். ஒருவர் தம் பாட்டனைத் தேடிப் படிக்கும் ஏட்டில் நூறு பேருடைய பாட்டன்மார் இருப்பர் என்பதே அவர்தம் முறையின் அடிப்படை.

இம்முறை நமக்கும் ஏற்றது. ஒரு தெருவிலுள்ள பத்து வீட்டார் தம் தாய்ப்பத்திரங்களை ஒருங்கு வைத்துப் படிப்பாராயின், ஒரு பத்திரத்தின் நான்கெல்லை மற்றொன்றன் உரிமையாளரைக் காட்டும். ஒருவர் குடும்பத்தில் மறந்த பெயர் மற்றொருவர் பத்திரத்தில் சாட்சிக் கையொப்பமாக வெளிப்படும். பங்காளிகள் ஆண்டுதோறும் குலதெய்வத்தின் முன் கூடுவது வழக்கமே. அக்கூட்டத்தில் ஒரு குறிப்பேடும் இடம்பெறின் பொங்கலிடும் நாளே ஆராய்ச்சி நாளும் ஆகும்.

இங்குப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகட்கு ஒரு கடமை உண்டு. பத்திரத்தின் பழைய கையெழுத்தையும், பசலி ஆண்டையும் தமிழாண்டையும் ஆங்கில ஆண்டாக மாற்றும் கணக்கையும், வழக்கிறந்த வருவாய்த்துறைச் சொற்களையும் அறிந்தவர் பொதுமக்களுள் அருகி வருகின்றனர். சுவடி படிக்கப் பயின்ற முதுகலை மாணவர்க்கு இவை கைவராதன அல்ல. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஒரு பருவமும், ஒரு பேட்டையின் வீடுகளில் ஒரு பருவமும் பயிலும் மாணவர், இலக்கிய வரலாற்றுக்கும் சமூக வரலாற்றுக்கும் ஒருங்கே தொண்டு செய்வர்.

இதில் காலந்தாழ்த்தல் தகாது. வீடு கைமாறும்போது பழம்பத்திரம் குப்பையாகின்றது. மூதாட்டி மறையும்போது ஒரு தெருவின் மணவுறவு முழுதும் மறைகின்றது. ஆளுநரின் முகம் இலண்டன் மாநகரில் கண்ணாடிப் பேழைக்குள் காக்கப்பெறுகின்றது. அவரால் குடியமர்த்தப்பெற்றோரின் பெயர்கள் திருவொற்றியூர்ப் பகுதி வீடுகளின் தகரப் பெட்டிகளில் செல்லரித்துக்கொண்டுள்ளன. எழுத்தில்லாக் குடிக்கு வரலாறு இல்லை என்பது உண்மையன்று. அதன் எழுத்து சிதறிக் கிடக்கின்றது; தொகுப்பார் வேண்டும் என்பதே உண்மை.