அமெரிக்க வான்படையின் தற்கொலைத் தடுப்புத் திட்டம்: பொறுப்பு இடம்மாறிய வரலாறு

முன்னுரை

படைவீரரின் தற்கொலை நெடுங்காலம் தனிமனிதப் பலவீனமாகவே கருதப்பட்டது. உதவி நாடினால் பணிவாழ்வு பாதிக்கப்படும் என்னும் அச்சம் பலரை வாய்திறவாமல் தடுத்தது. 1990களின் முற்பகுதியில் அமெரிக்க வான்படையில் தற்கொலை வீதம் உயர்ந்தபோது இப்பார்வை மறுஆய்வுக்கு உள்ளாயிற்று.

திட்டமும் விளைவும்

1996இல் வான்படைத் தலைமை அமைத்த குழுவில் மனநல மருத்துவர்களுடன் படைத்தலைவர்கள், சட்டத்துறையினர், சமயப் பணியாளர்கள் ஆகியோரும் இடம்பெற்றனர். தற்கொலை மருத்துவச் சிக்கல் மட்டுமன்று; படைச் சமூகம் முழுவதற்குமான சிக்கல் என்பது அக்குழுவின் நிலைப்பாடு. அதிலிருந்து 11 செயல்முறைகள் உருவாயின. உதவி நாடுமாறு தளபதிகளே வீரர்களை ஊக்குவித்தனர். சட்ட நடவடிக்கைக்கு உள்ளாகித் தற்கொலை இடரில் இருந்தோர் மனநல ஆலோசகரிடம் கூறியவற்றுக்கு வரையறுக்கப்பட்ட இரகசியக் காப்பு வழங்கப்பட்டது.

1990 முதல் 2002 வரையிலான தரவுகளை ஆராய்ந்து பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2003இல் வெளியிட்ட ஆய்வு, திட்டத்திற்குப் பின் தற்கொலை இடர் 33 விழுக்காடும் கடுமையான குடும்ப வன்முறை 54 விழுக்காடும் குறைந்ததைக் காட்டியது. தனி ஒப்பீட்டுக் குழு இல்லாமையால் இக்குறைவு முழுவதையும் திட்டத்தின் பயனாகக் கொள்ள இயலாது. எனினும், 2004இல் வீதம் மீண்டும் உயர்ந்ததும், அக்காலத்தில் செயலாக்கம் தளர்ந்திருந்ததைப் பின்வந்த ஆய்வு சுட்டியதும் இத்தொடர்பை வலுப்படுத்துகின்றன.

முடிவுரை

வீரரின் மனஉறுதியை மட்டும் நம்பியிராமல் நிறுவனம் பொறுப்பேற்றபோது உயிரிழப்பு குறைந்தது. அப்பொறுப்பு தளர்ந்தபோது மீண்டும் கூடியது. ஆகவே தற்கொலைத் தடுப்பு ஒருமுறை பிறப்பிக்கும் ஆணையன்று. தலைமை மாறினும் தொடர வேண்டிய நடைமுறை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.