பேடிக்குப் பின்னால் நின்ற இருவர்

காலை ஆறரைக்குக் கடற்கரைக் கட்டைச் சுவரில் உட்காரும் எங்கள் கோஷ்டியில் இப்போது நான்கு பேர்தான் மிச்சம். அதில் ஒரு நண்பருக்கும் எனக்கும் நாற்பது வருடமாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. ராஜிந்தர் கோயல் பெரியவரா, பத்மாகர் சிவல்கர் பெரியவரா என்பதுதான் அது. அவர் கோயல் கட்சி. நான் சிவல்கர் கட்சி. மற்ற இருவரும் சர்க்கரை, மூட்டு வலி பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்குக் கிரிக்கெட் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ரெக்ரெயாசியோன் மணி அடித்தால் எங்களுக்குத் தெரிந்தது கால்பந்து ஒன்றுதான். மட்டை பிடித்த பையன் எங்கள் வகுப்பில் ஒருவன்கூட இல்லை. பிறகு அரசு வேலைக்கு வந்தேன். கோப்பெல்லாம் இங்கிலீஷ். ஒரு நோட் எழுதினால் அதில் மூன்று பிரெஞ்சு வார்த்தை தானாக வந்து உட்கார்ந்துவிடும். இங்கிலீஷ் பழக வேண்டும் என்று தினமும் 'இந்து' பேப்பர் படித்தேன். முழுசாகப் புரிந்தது விளையாட்டுப் பக்கம் மட்டும்தான், அதில் பாதி எண்களாயிற்றே. அப்படிப் பிடித்தது இந்தக் கிரிக்கெட் பைத்தியம்.

கோயல், சிவல்கர் இருவரும் இடது கை சுழற்பந்து வீச்சாளர்கள். இருவரும் ஒரு டெஸ்ட் கூட ஆடியதில்லை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்து கணக்குப் பார்த்தால்தான் ஆச்சரியம். சிவல்கர் பிறந்தது 1940 செப்டம்பர் 14, கோயல் 1942 செப்டம்பர் 20. (இவர்களுக்கு முன்னால் நின்ற பிஷன் சிங் பேடியும் செப்டம்பர்தான், 1946, 25ஆம் தேதி. ஜோசியக்காரர்களுக்கு நல்ல தீனி.) கோயல் முதல் தரப் போட்டிகளில் ஆடியது 1958-59 முதல் 1984-85 வரை. சிவல்கர் 1961-62 முதல் 1987-88 வரை. முதல் பருவத்துக்கும் கடைசிப் பருவத்துக்கும் நடுவில் இருவருக்கும் சரியாக 26 வருடம். கோயல் 157 ஆட்டத்தில் 750 விக்கெட், சிவல்கர் 124 ஆட்டத்தில் 589 விக்கெட். வகுத்துப் பாருங்கள். ஆட்டத்துக்கு ஒருவருக்கு 4.78, இன்னொருவருக்கு 4.75. விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டம் கோயலுக்குப் பதினெட்டரைச் சொச்சம், சிவல்கருக்கு இருபதுக்குச் சற்றுக் குறைவு. அலுவலகத்தில் இப்படி இரண்டு கணக்கு ஒத்துப்போனால் காப்பி அடித்தான் என்று மெமோ கொடுப்போம்.

ஆனால் பந்து வீசும் விதம் வேறு. சிவல்கர் பந்தைக் காற்றில் மிதக்க விடுவார், ஆசை காட்டி ஆளை வெளியே இழுப்பார். கோயல் சற்று வேகமாக, தட்டையாக, ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருப்பார். சிவல்கருக்குக் கிடைத்தது பம்பாய் அணி. 1972-73 வரை தொடர்ந்து 15 வருடம் ரஞ்சிக் கோப்பையை விடாமல் வைத்திருந்த அணி அது. கோயல் பட்டியாலா, தெற்குப் பஞ்சாப், டெல்லி, ஹரியானா என்று ஊர் ஊராக, பெரும்பாலும் பலம் குறைந்த அணிகளில் வீசினார். அப்படியிருந்தும் ரஞ்சியில் மட்டும் 637 விக்கெட். இன்றைக்கும் அதுதான் முதலிடம். அடுத்து நிற்பவர் நம்ம வெங்கட்ராகவன், 530. என் நண்பரின் வாதமெல்லாம் இந்த 637 மேல்தான் நிற்கிறது.

என் வாதத்துக்கு வேறு காரணம். 1973இல் சேப்பாக்கத்தில் ரஞ்சி இறுதி ஆட்டம், தமிழ்நாடும் பம்பாயும். தமிழ்நாட்டுக்கு வெங்கட்ராகவன் தலைவர். சுழற்பந்துக்கென்றே அமைந்த ஆடுகளம். பம்பாயை 151க்குச் சுருட்டியாயிற்று, கோப்பை நமக்கே என்று இருந்தோம். ஐந்து நாள் ஆட்டமாயிற்றே என்று நான் மூன்றாம் நாளுக்குக் கேஷுவல் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். விடியற்காலை பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால் ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டதாம். தமிழ்நாடு 80, பிறகு 61. சிவல்கர் முதல் இன்னிங்ஸில் 16 ஓட்டத்துக்கு 8, அடுத்ததில் 18 ஓட்டத்துக்கு 5. பம்பாய் இரண்டாவதில் எடுத்ததும் வெறும் 113தான். ஆக, அதே மண் எல்லோருக்கும் சுழன்றது, அவருக்கு மட்டும் சொன்னபடி கேட்டது. ஒரு பந்துகூடப் பார்க்காமல் அன்று அவர் கட்சியில் சேர்ந்தவன் நான்.

கோயலுக்கு நடந்தது இதைவிட மனதை வருத்தும். 1966 டிசம்பர் கடைசி நாள் கல்கத்தாவில் தொடங்கிய ஆட்டத்தில் டெஸ்டுக்குள் வந்த பேடி 1979 வரை அந்த இடத்தை விடவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை கதவு திறந்தது. 1974இல் இங்கிலாந்துப் பயணத்தின்போது தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார் என்று பேடியை ஒதுக்கி வைத்தார்கள். நவம்பரில் வெஸ்ட் இண்டீஸுடன் பெங்களூரில் டெஸ்ட். பேடி இல்லை, கோயலுக்கு அழைப்பு. வயது 32. போய்ச் சேர்ந்தார், தயாராக இருந்தார். ஆட்டத்தன்று காலையில் பார்த்தால் பதினொருவரில் பெயர் இல்லை. பிரசன்னா, வெங்கட்ராகவன் என்று இரண்டு ஆஃப் ஸ்பின்னர்களையும் இறக்கிவிட்டு இவரை உட்கார வைத்தார்கள். அந்த ஆட்டத்தில்தான் கிரீனிட்ஜ் அறிமுகமாகி 93, 107 என்று அடித்தார். இந்தியா 267 ஓட்டத்தில் தோற்றது. அடுத்த டெஸ்டுக்குப் பேடி திரும்பிவிட்டார்.

இந்த இடத்தில்தான் நானும் நண்பரும் ஒரே கட்சி. பேடி மேல் குற்றமே கிடையாது. 266 டெஸ்ட் விக்கெட் எடுத்தவரை யார் வெளியே அனுப்புவார்கள்? என் கேள்வி வேறு. பிரசன்னாவும் வெங்கட்டும் ஒரே ரகம். ஒரு இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள் என்று எழுதினாலும், சேர்ந்தும் ஆடினார்கள். பிரசன்னா 49 டெஸ்ட், வெங்கட் 57. இரண்டு ஆஃப் ஸ்பின்னர் சேர்ந்து ஆடலாம், இரண்டு இடது கைக்காரர் சேர்ந்து ஆடக்கூடாது என்று எந்த ரூல் புத்தகத்தில் இருக்கிறது? டெல்லி அணியில் சில வருடம் பேடியும் கோயலும் ஒன்றாக வீசியவர்கள்தானே. ரஞ்சிக்குப் பொருந்தியது டெஸ்டுக்குப் பொருந்தாமல் போனது தேர்வுக்குழுவின் பழக்கம். பழக்கத்தை யாரும் எழுதி வைப்பதில்லை, அதனால் அதன்மேல் அப்பீலும் போட முடியாது.

எங்கள் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நண்பரும் நானும் ஒரே நாள் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே பேனலில் அடுத்தடுத்த பெயர். மேலே ஒரே ஒரு சூப்பரிண்டெண்டென்ட் நாற்காலி. அதில் இருந்தவர் தங்கமான மனிதர், எனக்கு ஒழுங்காக நோட் எழுதச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அவர் ஓய்வு பெற்றபோது, நாங்கள் இருவரும் வயதானவர்கள் என்று வேறு பிரிவிலிருந்து ஒரு இளைஞரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அன்று சாயங்காலம் நண்பர் சொன்னது இரண்டே வார்த்தை: "தோஷி வந்துட்டாருய்யா."

திலீப் தோஷியைத்தான் சொன்னார். பேடி போன பிறகு 1979 செப்டம்பரில், அதே சேப்பாக்கத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவரை இறக்கினார்கள். முதல் இன்னிங்ஸிலேயே 6 விக்கெட். மொத்தம் 33 டெஸ்டில் 114. அவரும் இடது கைதான், 31 வயது வரை காத்திருந்தவர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்குச் சிவல்கருக்கு 39 நடக்கிறது, கோயலுக்கு 37 நெருங்குகிறது. அதற்குப் பிறகும் கோயல் ஆறு பருவம் ஆடினார். சிவல்கர் ஓய்வு பெற்று, 1987-88இல் 47 வயதில் திரும்ப வந்து பம்பாய்க்கு வீசினார். எதற்காக? இனி யாரும் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு மனிதன் காலையில் எழுந்து வலைப் பயிற்சிக்குப் போகிறானே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஓய்வுக்கு முந்திய நாள் வரை நண்பர் எட்டே முக்காலுக்கு அலுவலகத்தில் இருப்பார்.

கவாஸ்கர் தன் 'ஐடல்ஸ்' புத்தகத்தில் இருவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். டெஸ்ட் ஆடாதவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. 2017 மார்ச்சில் கிரிக்கெட் வாரியம் சி.கே. நாயுடு வாழ்நாள் சாதனையாளர் விருதை இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தது. விழா நடந்த ஊர் பெங்களூர். 42 வருடத்துக்கு முன்னால் கோயலை உட்கார வைத்த அதே ஊர். அன்று இரவே நண்பர் போன் செய்தார். வழக்கு தள்ளுபடி, இருவருக்கும் செலவுத் தொகை இல்லை என்றார்.

2020 ஜூனில் கோயல் போனார். 2023இல் பேடி. 2025 மார்ச் 3ஆம் தேதி சிவல்கரும். செய்தி வந்த மறுநாள் காலை நண்பர் எனக்கு முன்பே வந்து கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர்தான் ஆரம்பித்தார்.

"இருந்தாலும் 637 கொஞ்சமாய்யா?"

"சேப்பாக்கத்துல 16க்கு 8 எடுக்கச் சொல்லும், பார்ப்போம்" என்றேன்.