அஞ்சலை அரங்கு: ஒரு தீவின் உதைபந்தாட்ட வரலாறு

மொரீசியஸ் தீவின் வடபகுதியிலே, கரும்புத் தோட்டங்களின் நடுவே, பெல்வியூ என்னும் இடத்தில் ஓர் உதைபந்தாட்ட அரங்கு இருக்கின்றது. அதன் பெயர் அஞ்சலை அரங்கு. விளையாட்டரங்குகளுக்கு மன்னர்களின் பெயரையும் மந்திரிகளின் பெயரையும் சூட்டுவது உலக வழக்கம். அதே தீவின் கியூர்பிப் நகரிலுள்ள அரங்கு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கியே நிற்கின்றது. அஞ்சலையோ அரச குடும்பத்தவர் அல்லர். தோட்டத்திலே கூலிக்கு உழைத்த தமிழ்ப்பெண். 1943 செப்டெம்பர் 27 ஆம் நாள், கூலி உயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது குடியேற்ற அரசின் பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். அதில் மாண்ட நால்வருள் அஞ்சலையும் ஒருவர். அப்போது அவர் கருவுற்றிருந்தார்.

இவ்வாறு ஓர் உழைப்பாளிப் பெண்ணின் பெயரைத் தாங்கிய அரங்கிலேதான், 1999 மே 23 ஆம் நாள், மொரீசியசின் உதைபந்தாட்ட வரலாற்றை இரு கூறாக்கிய ஆட்டம் நடைபெற்றது. அந்நாளில் நிகழ்ந்ததை இரசிகர் வெறி என்று ஒரு சொல்லிலே கூறி முடித்துவிடலாம். ஆயின், அவ்வாறு முடிப்பது வரலாற்றை அறியாமல் தப்பித்துக்கொள்வதாகும். வெறிக்கும் ஒரு வரலாறு உண்டு.

மொரீசியசுக்கு ஆதிக்குடிகள் என்று எவரும் இலர். 1598 இல் ஒல்லாந்தர் அங்கு வந்திறங்கியபோது, பறக்கவியலாத டோடோப் பறவையே அத்தீவின் சொந்தக்காரனாக இருந்தது. ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் அப்பறவையினம் பூண்டோடு அற்றுப்போயிற்று. ஒல்லாந்தர் 1710 இல் நீங்கினர்; பின்னர் பிரெஞ்சுக்காரர் வந்தனர்; 1810 இல் பிரித்தானியர் தீவைக் கைப்பற்றினர். பிரெஞ்சுக்காரர் காலத்திலே ஆபிரிக்காவிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர் சென்றதும் அக்காலத்திலேயே. 1835 இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதை ஈடுசெய்ய, 1834 தொடக்கம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஏறத்தாழ நாலரை இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகப் போர்ட் லூயித் துறைமுகத்தில் இறக்கப்பட்டனர். சீன வணிகரும் வந்து சேர்ந்தனர்.

தோட்ட முதலாளித்துவம் இம்மக்களை ஒருவரோடு ஒருவர் கலக்க விடவில்லை. நிலமும் ஆலையும் பிரெஞ்சு வழிவந்த வெள்ளையர் கையில் இருந்தன. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்கள் துறைமுகத்திலும் நகரத்துக் கைத்தொழில்களிலும் வாழ்வு தேடினர். இந்தியர் கரும்புக் காட்டிலே கிடந்தனர். கரும்பை வெட்டியவனும் சீனி மூட்டையைக் கப்பலில் ஏற்றியவனும் ஒரே முதலாளியின் இலாபத்துக்கே உழைத்தனர். எனினும் ஒருவன் வாழ்ந்த தெருவை மற்றவன் அறியான். குடியேற்ற ஆட்சிக்கு இதைவிடப் பெரிய காவல் வேறென்ன வேண்டும்?

உதைபந்தாட்டம் இச்சமுதாயத்திலே வேரூன்றியபோது, அதன் கழகங்களும் இச்சமுதாயத்தின் வடிவையே பெற்றன. வெள்ளையருக்கு டோடோக் கழகம்; கலப்பினத்து நடுத்தர வர்க்கத்தாருக்கு ரேசிங் கழகம்; கிரியோல் மக்களின் பேராதரவைப் பெற்றது தீயணைப்புப் படையின் கழகம். இந்து கடேற்ஸ், தமிழ் கடேற்ஸ், முஸ்லிம் ஸ்கவுற்ஸ் என்பன தத்தம் பெயரிலேயே தம் அடையாளத்தைப் பறைசாற்றின. சீனருக்கும் ஒரு கழகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்திற்குச் சென்றவர், குடிசன மதிப்பீட்டு அறிக்கையையே புல்தரையில் ஓடக் கண்டிருப்பர்.

இக்கழகங்களை இனவாதத்தின் கூடாரங்கள் என்று மட்டும் கூறிவிடுவது நேர்மையாகாது. மேட்டுக்குடியினர் தம் கழகக் கதவை அடைத்துவைத்திருந்த நாட்டிலே, ஆறு நாளும் குனிந்து உழைத்தவன் ஏழாம் நாளில் நிமிர்ந்து நிற்க ஓரிடம் தேடினான். தன் பெயரைத் தாங்கிய குழு முதலாளியின் குழுவை வென்றபோது அவன் பெற்ற மகிழ்ச்சி பொய்யன்று. அதில் தன்மானத்தின் குரல் இருந்தது. ஆனால், அக்குரல் மேலிருந்தவனை நோக்கி எழுந்த அதே வேளையில், பக்கத்தில் நின்ற சக தொழிலாளியை நோக்கியும் எழுந்தது. துயரம் அங்கேதான் தொடங்குகின்றது.

இத்தனை கழகங்களிலிருந்தும் வீரரைத் திரட்டியே தேசியக் குழு அமைக்கப்பட்டது. நாடு பிறப்பதற்கு முன்னரே அக்குழு பிறந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. 1947 முதல் 1963 வரை மொரீசியஸ், ரியூனியன், மடகஸ்கார் ஆகிய மூன்று தீவுகளுக்கிடையே நடைபெற்ற முக்கோணப் போட்டிகளில் பெரும்பாலும் மொரீசியசே வாகை சூடியது. மற்றை இரண்டும் பிரான்சின் ஆட்சியில் இருந்த தீவுகள். மொரீசியஸ் பிரித்தானியக் குடியேற்றம். கொடியில்லாத, அரசில்லாத மக்கள் பதினொரு பேரின் மூலமே தம்மை ஒரு மக்களாகக் கண்டுகொண்ட முதற் சந்தர்ப்பங்களுள் இவையும் அடங்கும்.

கொடி 1968 மார்ச் 12 ஆம் நாள் ஏறியது. ஆனால், எந்நிலையில் ஏறியது? அவ்வாண்டு ஜனவரியிலே தலைநகரில் கிரியோல் மக்களும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டனர். கலவரத்தை அடக்கப் பிரித்தானியப் படை வரவழைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுத் தேர்தலிலே வாக்காளருள் நூற்றுக்கு நாற்பத்து நால்வர் சுதந்திரத்தை எதிர்த்த கட்சிக்கே வாக்களித்திருந்தனர். இந்தியப் பெரும்பான்மை ஆளும் என்ற அச்சத்தை அம்மக்களின் உள்ளத்திலே வளர்த்தோர் தோட்டத்தின் பயனை உண்டவர்களே.

சுதந்திரத்தின் பின் வந்த சில ஆண்டுகளிலே வேறொரு காற்று வீசியது. இனப் போராட்டத்தின் இடத்தில் வர்க்கப் போராட்டம் என்னும் குரலோடு 1969 இல் புதிய இடதுசாரி இயக்கமொன்று தோன்றியது. 1971 இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. இவ்வாண்டுகளை அடுத்தே, 1974 இல், மொரீசியஸ் எகிப்தில் நடைபெற்ற ஆபிரிக்கக் கிண்ண இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. சயர், கொங்கோ, கினி ஆகிய மூன்று நாடுகளிடமும் தோற்றுத் திரும்பியது. வேலைநிறுத்தத்தின் விளைவே இத்தகுதி என்று கூறுவதற்கில்லை. விளையாட்டுக்குத் தனக்கென விதிகள் உண்டு. ஆயினும், நாடு தன்னை ஒன்றாக எண்ணிப் பார்க்கத் துணிந்த காலமும், அதன் குழு எட்டிய உச்சியும் அருகருகே நிற்பதை நாம் காணாதிருக்க முடியாது. அன்றிலிருந்து இன்றுவரை மொரீசியஸ் அக்கிண்ணத்தின் இறுதிச் சுற்றை மீண்டும் எட்டவில்லை.

1982 தேர்தலில், ஒரே மக்கள் ஒரே தேசம் என்ற முழக்கத்தோடு இடதுசாரிக் கூட்டணி பிரதான தீவின் அறுபது ஆசனங்களையும் கைப்பற்றியது. எண்பதுகளின் தொடக்கத்திலே, கழகங்கள் தம் பெயரிலிருந்து இன, மத அடையாளங்களை நீக்க வேண்டியதாயிற்று. இந்து கடேற்ஸ் வெறும் கடேற்ஸ் ஆயிற்று; முஸ்லிம் ஸ்கவுற்ஸ் வெறும் ஸ்கவுற்ஸ் ஆயிற்று. பெயர் மாறியது, ஆதரவாளர் மாறவில்லை. அதே நாட்டின் அரசியல் யாப்பு மக்களை இந்து, முஸ்லிம், சீனர், பொதுக் குடிமக்கள் என நால்வகையாகப் பிரித்து, தேர்தலில் தோற்றவர்களுள் எட்டுப் பேரை அப்பிரிவுகளின் சமநிலை கருதிப் பாராளுமன்றத்தில் அமர்த்தும் ஏற்பாட்டைத் தொடர்ந்து காத்துவந்தது. சிறுபான்மையோரின் அச்சத்தைப் போக்க எழுந்த ஏற்பாடு அது. அந்த அளவில் அதற்கு நியாயமும் உண்டு. ஆயினும், பாராளுமன்ற நாற்காலியில் இருக்கத்தக்க பெயர் விளையாட்டு வீரனின் சட்டையில் இருக்கத்தகாது என்று கூறியதை மைதானத்தின் மரப்பலகையில் அமர்ந்திருந்தவன் எவ்வாறு நம்புவான்?

இனி 1999 ஐ நோக்குவோம். அவ்வாண்டு பெப்ரவரி 21 இல், கிரியோல் மக்களின் அன்புக்குரிய பாடகர் காயா பொலிஸ் காவலில் இறந்தார். தீவின் பொருளாதார வளர்ச்சியிலே தமக்குப் பங்கில்லை என்று நெடுங்காலமாகப் புழுங்கிக் கொண்டிருந்த மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பல நாட்கள் நாடு எரிந்தது. அந்தச் சாம்பல் ஆறுவதற்கு முன்னரே, மூன்று மாதம் கழித்து, அஞ்சலை அரங்கிலே ஸ்கவுற்ஸ் கழகமும் தீயணைப்புப் படைக் கழகமும் மோதின. தீயணைப்புப் படைக் கழகம் வென்று வெற்றிக் கிண்ணத்தைத் தனதாக்கிற்று. தோல்வியைப் பொறாத கூட்டமொன்று வெறிகொண்டு கிளம்பியது. அன்றிரவு தலைநகரிலே லாமிக்கால் என்ற சூதாட்ட விடுதி தீக்கிரையாயிற்று. உள்ளே அகப்பட்ட ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் இருவர். கருவுற்ற பெண் ஒருவரும் இருந்தார்.

1943 இலே ஆட்சியாளனின் துப்பாக்கி ஒரு கர்ப்பிணியைக் கொன்றது. அவர் பெயரால் எழுந்த அரங்கிலிருந்து புறப்பட்ட பகைமை 1999 இலே இன்னொரு கர்ப்பிணியை எரித்தது. முதற் கொலையைச் செய்தவன் யார் என்பது தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவதிலோ ஏழையின் கையே ஏழையின்மேல் விழுந்தது.

அரசாங்கம் உதைபந்தாட்டப் போட்டிகளை நீண்டகாலம் நிறுத்திவைத்தது. மீண்டும் ஆட்டம் தொடங்கியபோது பழைய கழகங்கள் இல்லை. பிரதேச அடிப்படையில் புதிய கழகங்கள் அமைக்கப்பட்டிருந்தன. கலவரம் ஓய்ந்தது, உண்மை. ஆனால் இரசிகரும் ஓய்ந்துவிட்டனர். உள்ளூர் ஆட்டங்களிலே இருக்கைகள் வெறுமையாயின. அத்தீவின் இளைஞர் இன்று மாஞ்செஸ்டருக்காகவும் லிவர்பூலுக்காகவும் ஆர்ப்பரிக்கின்றனர். தன் தெருவின் கழகத்தை இழந்தவன், தன்னை ஆண்டவனின் நாட்டுக் கழகத்தைத் தொலைக்காட்சியிலே தேடிக்கொண்டான். அங்கே இந்துவும் முஸ்லிமும் கிரியோலும் ஒரே நிறச் சட்டையை அணிகின்றனர் என்று சிலர் ஆறுதல் கொள்வர். அந்த ஒற்றுமை இலண்டனிலிருந்து இறக்குமதியாகும் ஒற்றுமை. அதனால் அயலவன் அயலவனை அறிவதில்லை.

எனினும் முழு வரலாறும் இருளன்று. இந்து சமுத்திரத் தீவுகளின் விளையாட்டு விழா 1985 இலும் 2003 இலும் மொரீசியசில் நடைபெற்றபோது, இருமுறையும் உதைபந்தாட்டத் தங்கப் பதக்கத்தை அதன் குழுவே வென்றது. லாமிக்கால் எரிந்து நான்கே ஆண்டுகள் கழிந்த 2003 இலே, இறுதி ஆட்டத்தில் ரியூனியனை வென்ற குழுவுக்காக நான்கு நிறக் கொடியைத் தாங்கி மக்கள் வீதிக்கு வந்தனர். அம்மகிழ்ச்சியும் பொய்யன்று. ஆயின் அது விழாக்கால மகிழ்ச்சி. விழாப்பந்தல் பிரிந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் தெருவுக்கே திரும்பினர். 2019 இலே மீண்டும் சொந்த மண்ணில் இறுதி ஆட்டத்துக்கு வந்த குழு ரியூனியனிடம் தோற்றது.

சிறிய தீவு, அதனால் சிறிய குழு என்று கூறுவோர் உண்டு. மொரீசியசில் ஏறத்தாழப் பன்னிரண்டரை இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அதிற் பாதிக்கும் குறைந்த மக்களைக் கொண்ட கேப் வேர்ட் தீவுகள் 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றன. மொரீசியசின் அயலவரான கொமோரோத் தீவினர் 2022 ஜனவரியில் ஆபிரிக்கக் கிண்ணப் போட்டியிலே கானாவை வென்றனர். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளாய் ஐரோப்பாவில் வளர்ந்து பயின்ற வீரர்கள் அக்குழுக்களுக்கு வலிமை தந்தனர் என்பது மெய்யே. ஆயினும், மக்கட்டொகையின் சிறுமை மட்டும் ஒரு குழுவைத் தாழ்த்திவிடாது என்பதற்கு அவை போதிய சான்றாகும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் எது? இனத்தின் பெயரால் கழகம் அமைத்தது தவறு என்பது எளிதான விடை. அப்பெயரை அழித்தால் போதும் என்பது அதனினும் எளிதான விடை. மொரீசியஸ் இரண்டையும் செய்து பார்த்தது. பெயர் இருந்தபோது பகை இருந்தது. பெயர் போனபின்னும் பகை இருந்தது. கழகமே போனபின் பகையோடு விளையாட்டும் போயிற்று. நிலம் யாருடையது, தொழில் யாருக்கு, பொலிஸ் காவலில் இறப்பவன் எத்தெருவில் பிறந்தவன் என்னும் வினாக்களுக்கு விடை காணாது சட்டையின் பெயரை மட்டும் மாற்றுவது, நோயாளியின் பெயரை மாற்றி நோயைத் தீர்க்க முயல்வதை ஒக்கும்.

மொரீசியஸ் குழுவினரை டோடோக்கள் என்று செல்லமாக அழைப்பர். அற்றுப்போன பறவையின் பெயரைத் தாங்கி ஒரு நாடு விளையாடுகின்றது. ஆனால் டோடோவைத் திரும்பக் கொணர எவராலும் இயலாது. மக்களின் ஒற்றுமையோ அவ்வாறு அற்றுப்போன பொருளன்று. 1937 இல் கரும்புத் தோட்டத்தினரும் 1938 இல் துறைமுகத்தினரும் ஒருவரையடுத்து ஒருவராய் வேலைநிறுத்தம் செய்த மண் அது. அவர்களுக்கு எவரும் ஒற்றுமையை ஆணையிட்டு வழங்கவில்லை. அஞ்சலைக்கும் எவரும் ஆணையிடவில்லை. அவ்வரங்கின் வாயிலைக் கடந்து செல்லும் ஒவ்வோர் இளைஞனும் அப்பெயருக்குரியவர் யார், எதற்காக மாண்டார் என்று அறிந்து செல்லும் நாளிலே, அத்தீவின் உதைபந்தாட்டம் மறுபிறப்பெடுக்கும்.