வியாபாரியா, வேலைக்காரனா?

1906-ல் புல்லர் பிரஷ் கம்பெனி தொடங்கிய காலந்தொட்டு, பெட்டியும் கையுமாய் வீடுவீடாக ஏறியிறங்கும் விற்பனையாளன் அமெரிக்க ஐக்கிய நாட்டில் யாவரும் அறிந்த உருவம். அவன் கம்பெனியின் வேலைக்காரனா, அன்றிச் சொந்தத்தில் தொழில் நடத்தும் வியாபாரியா? கேட்பதற்கு வீண் வாதம்போல் தோன்றும் இவ்வினாவைப் பற்றி அந்நாட்டார் அரை நூற்றாண்டு வழக்காடினர். அவ்வழக்கின் அடியில் கிடந்தது கிழப்பருவத்துச் சோறு.

பிரஸிடெண்டு ரூஸ்வெல்ட் 1935 ஆகஸ்டு 14-ல் கையொப்பமிட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டமே இதற்கு வித்து. 1937 முதல், ஆண்டுச் சம்பளத்தில் 3,000 டாலர் வரை, நூற்றுக்கு ஒன்று தொழிலாளியிடமும் அதே அளவு முதலாளியிடமும் வரியாக வாங்கப்பட்டது. முதுமையில் உபகாரச் சம்பளம் பெறும் பாத்தியதை அவ்வாறு வரி கட்டப்பட்டவர்க்கே உண்டு. தனித்தொழில் செய்வோர் அப்பொழுது சட்டத்திற்குப் புறம்பானவர். ஆகவே, 'இவன் எம் ஆளல்லன், கொந்தராத்துக்காரன்' என்று எழுதிவைத்தால் கம்பெனிக்கு வரியும் மிச்சம், கணக்குத் தொல்லையும் மிச்சம். அவ்வாறு எழுதப்பட்டவனுக்கோ அவ்வுபகாரச் சம்பளத்தில் ஒரு காசும் இல்லை. ஏட்டில் ஒருவன் பெயர் எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறதென்று, செக்ரோல் எழுதிப் பழகிய நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

வேலை எப்படி நடக்கவேண்டுமென்று கட்டளையிடும் அதிகாரம் எவனுக்குண்டோ அவனே முதலாளி என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய அளவுகோல். பகலெல்லாம் எசமானன் கண்ணுக்கெட்டாத தெருவில் திரிபவனை இக்கோலால் அளப்பது எங்ஙனம்? அவன் இஷ்டப்படி நடப்பவன், ஆதலால் சுதந்திரன் என்று வாதிப்பது எளிதாயிற்று.

1947 ஜூனில் ஸுப்ரீம் கோர்ட்டு, ஸில்க் என்பவரின் நிலக்கரிக் கிடங்கு வழக்கில் வேறு வழி காட்டிற்று. அங்கே கரி இறக்கியோர் தம் கருவிகளைத் தாமே கொணர்ந்து, விரும்பிய நாளில் வந்து, டன் கணக்கில் கூலி பெற்றவர். ஆயினும், தம் கைவருத்தமன்றி வேறு இலாப நஷ்டத்திற்கு இடமில்லாத அவர் தொழிலாளரே என்று கோர்ட்டு தீர்த்தது. சொந்த லாரி வைத்து, தாமே உதவியாள் அமர்த்திக்கொண்ட வண்டிக்காரரைத் தனித்தொழிலினர் என விட்டது. கட்டளையோடு, முதல் யாருடையது, நஷ்டம் யார் தலையில் விழும் என்பவற்றையும் பார்க்கவேண்டும் என்பது இதன் கருத்து. நம் அபிப்பிராயத்தில் இதுவே நேர்மையான பார்வை.

அப்பார்வையைக் கொண்டு கஜானா இலாகா புது விதிகளை வரையவே, காங்கிரஸ் என்னும் அந்நாட்டுச் சட்டசபை பழைய அளவுகோலையே மீண்டும் நிலைநாட்டத் தீர்மானித்தது. ஏழரை இலட்சம் பேர் வரை பாதுகாப்பிழப்பர் என்று பிரஸிடெண்டு ட்ரூமன் மறுத்தார். 1948 ஜூன் 14-ல் அவர் மறுப்பையும் மீறி அது சட்டமாயிற்று.

ஆயினும் ஈராண்டு கழிந்தபின் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. முழுநேர ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள், ரொட்டியும் இறைச்சியும் பானமும் கொண்டு கொடுக்கும் கமிஷன் வண்டிக்காரர், கடைகளிலும் ஹோட்டல்களிலும் ஆர்டர் பிடிக்கும் முழுநேரப் பிரயாண விற்பனையாளர் ஆகியோர் இவ்வரிக்குத் தொழிலாளரே என 1950-ம் ஆண்டுத் திருத்தம் பெயர் குறித்தே சொல்லிற்று. பானங்களில் பாலை மட்டும் ஏன் விலக்கினார்களோ! தனித்தொழிலினரில் பெரும்பாலோரும் 1951 முதல் தம் சொந்த வரி கட்டி உபகாரச் சம்பளத்திற்கு உரியவராயினர்.

வாசற்படியில் விற்பவன் மட்டும் அப்பெயர்ப் பட்டியலில் ஏறவில்லை. 1982-ல் ரீகன் கையொப்பமிட்ட சட்டம் அவனை முற்றும் வெளியே நிறுத்திற்று: ஊதியம் உழைத்த மணிக்கன்றி விற்பனைக்கே கிடைப்பதாயும், வரிக்கு வேலைக்காரனாகக் கருதப்படான் என்ற எழுத்து ஒப்பந்தம் இருப்பதாயும் இருந்தால், மத்திய வரிகளுக்கு அவன் தொழிலாளியல்லன். 1947-ல் கோர்ட்டு ஏட்டிலுள்ள பெயரைத் தாண்டி உண்மையைத் தேடிற்று. 1982-ல் அவ்வேடே ஒரு நிபந்தனையாயிற்று.

1990-ல் அவ்வரி நூற்றுக்கு 15.3 ஆக உயர்ந்தது. கடைக்காரரிடம் பிரஷுக்கு ஆர்டர் பிடிக்கும் முழுநேர விற்பனையாளனுக்கு அதில் பாதியைக் கம்பெனி செலுத்துகிறது. அதே தெருவில், அடுத்த வீட்டு வாசலில் அதே பிரஷை விற்பவன் இரு பாதியையும் தானே செலுத்துகிறான்.